தலைப்பில்லாத கடிதம்

பிப்ரவரி 3

வித்தவுட் பிரெஜுடிஸ்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் சுகம். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

அப்பாவின் வீட்டைப் பாகம் பிரிக்கக் கேட்டு நான் போட்டிருக்கும் வழக்கின் சம்மன் தங்களுக்குக் கிடைத்திருக்கும். முதல் வாய்தா ஜூலை 6. அதற்குள் நாமே பேசி ஒரு முடிவுக்கு வந்தால் கோர்ட் படியேற வேண்டியிருக்காது. அப்படி முடியாமல், இந்தச் சின்ன வீட்டை இரண்டாகப் பிரிக்கவும் முடியாது என்று கோர்ட் நினைத்தால், ஏலத்தில் விடச் சொல்லிவிடும். கீழே தங்கள் படச்சட்டக் கடை இருக்கிறது, தாங்கள் குடியிருப்பதும் அங்கேதான். இதை மனதில் வைத்துப் பதில் எழுதவும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பியும் வாதியுமான நான்

*

பிப்ரவரி 11

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் சம்மனுக்குக் கையெழுத்துப் போட மாடியிலிருந்து இறங்கி வந்ததில் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாற்பது வருஷமாக 'ஏய் அக்கா' என்று கத்தியவன் 'தாங்கள்' போட்டு எழுதினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு அழுகை வருகிறது. 'தாங்கள்' எல்லாம் உன் சீனியர் வக்கீலோடு வைத்துக்கொள். அப்பாவின் வரைபலகையிலிருந்து குண்டூசியைப் பிடுங்கிப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்ட பயல் நீ. மூன்று தடவை உன் வாயில் விரலைவிட்டு எடுத்தவள் நான். அந்தக் கணக்கில்தான் உனக்கு இந்தப் பெயர்.

வழக்குப் போட்டுவிட்டாய். போட்டது போட்டதாக இருக்கட்டும். கடிதத்தின் தலையில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருக்கிறாயே, அது என்ன? திட்டா? பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "தெரியலம்மா, மருந்து பேரு மாதிரி இல்ல"ன்னு சொல்லிட்டார். பள்ளிக்கூடத்தில் செய்வது போல அர்த்தம் எழுதி, இரண்டு மூன்று வாக்கியத்தில் வைத்துக் காட்டு. அது புரிந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
(பிரதிவாதி என்று சம்மனில் போட்டிருக்கிறது)

*

பிப்ரவரி 20

வித்தவுட் பிரெஜுடிஸ்

அக்காவுக்கு,

இங்கே சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. 'தாங்கள்' போட மாட்டேன்.

அது திட்டு இல்லை. 'உரிமைக்குப் பாதகமில்லாமல்' என்று அர்த்தம். பதினான்கு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக நான் அதிகம் டைப் அடித்த இரண்டு சொல் இவைதான். நீ கேட்டபடி வாக்கியங்கள்:

சீனியர் சொல்லச் சொல்ல நான் அடிப்பது, 'திஸ் லெட்டர் இஸ் ரிட்டன் வித்தவுட் பிரெஜுடிஸ்.' வழக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் சமாதானம் பேச வேண்டி வரும். பேசும்போது 'ஆமாம், என் பக்கமும் தப்பு இருக்கிறது' என்று சொல்ல வேண்டி வரும். நாளைக்குப் பேச்சு முறிந்து போனால், எதிராளி அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஜட்ஜ் முன்னால் நீட்டக்கூடாது. தலையில் இதை எழுதிவிட்டால் நீட்ட முடியாது.

இன்னொன்று, 'வீ ஆர் வில்லிங் டு டாக், வித்தவுட் பிரெஜுடிஸ் டு அவர் ரைட்ஸ்.' பேசத் தயார், ஆனால் பேச வந்த ஒரே காரணத்துக்காக எங்கள் உரிமையை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம்.

கவனம், சமாதானப் பேச்சுக்கு மட்டும்தான் இது. வேறு இடத்தில் எழுதினால் வெறும் மைச் செலவு. நீயும் எனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இதை எழுது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயம். மாடி எனக்கு, கீழே உனக்கு. சம்மதமா? அதற்கு முன் மனுவின் ஏழாவது பத்திக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

தம்பி

*

மார்ச் 1

வித்தவுட் பிரெஜுடிஸ்

அன்புள்ள குண்டூசிக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தேன், தேவலாம். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். அவளும் வாதியா, இல்லை நீ மட்டும்தானா?

சொல் எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. நீ வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் இன்னும் பிடித்தது. ஒரு வாடிக்கையாளருக்கு ரசீதில், 'வித்தவுட் பிரெஜுடிஸ், உங்கள் படம் வியாழக்கிழமை தயாராகிவிடும்' என்று எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை தயாராகவில்லை. எப்போதும் வாசலில் நின்று சத்தம் போடும் மனுஷன், ரசீதைப் பார்த்துவிட்டு, "பரவால்லங்க, மெதுவா குடுங்க"ன்னு போயிட்டார். மை வீணாகவில்லை பார்.

மாடி உனக்கு என்கிறாய். மாடிப்படி என் கடைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது என்பது நினைவிருக்கிறதா? நீ மேலே போக வேண்டுமானால் கண்ணாடி அறுக்கும் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் என் முகத்தில் விழித்தே தீர வேண்டும். அதற்குச் சம்மதமென்றால் எனக்கும் சம்மதம்.

ஏழாவது பத்தியை மருந்துக் கடைக்காரர் படித்துச் சொன்னார். 'பிரதிவாதி வாசல் பூட்டை மாற்றி, வாதியை வீட்டுக்குள் விடாமல் தடுத்தார். வாதியின் சாவி பொருந்தவில்லை' என்று இருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அப்பா போன அன்றைக்கு நீ வந்தபோது கதவு திறந்துதான் கிடந்தது. நீ எப்போது சாவி போட்டுப் பார்த்தாய்?

அக்கா

*

மார்ச் 9

வித்தவுட் பிரெஜுடிஸ்

அக்காவுக்கு,

சுகம். உனக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

எப்போது என்பது இப்போது முக்கியமில்லை. 'கடந்த ஆண்டின் பிற்பகுதியில்' என்று மனுவிலேயே இருக்கிறது. பூட்டை மாற்றியது நீயா, இல்லையா? அப்பா உயிரோடு இருக்கும்போதே என்னை வெளியே நிறுத்த வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றியது? ஒரு வார்த்தை எழுது, போதும்.

தம்பி

*

மார்ச் 17

குண்டூசிக்கு,

கடையில் ஆள் நிற்கிறார், நின்றுகொண்டே எழுதுகிறேன். சுகம்.

ஆமாம், பூட்டை மாற்றியது நான்தான். யாரும் சொல்லி மாற்றவில்லை, நானே கடைக்குப் போய் வாங்கி வந்து ஆள் வைத்து மாட்டினேன். உனக்குச் சொல்லவும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அக்கா

*

ஏப்ரல் 24

வித்தவுட் பிரெஜுடிஸ்

அக்காவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் மார்ச் 17 கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எடுத்துப் பார். தலையில் ஒன்றும் எழுதவில்லை நீ. மறந்துவிட்டாய்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். இந்த ஒரு தாளை வைத்து ஏழாவது பத்தியை நிரூபித்துவிடலாம். உன் கையெழுத்து, உன் வாக்குமூலம். தம்பியைத் திட்டமிட்டு வெளியே தள்ளியவள் என்று ஆகிவிட்டால், உன் கடைக்காக இரக்கப்பட ஜட்ஜுக்கு ஒரு காரணமும் இருக்காது. வீடு ஏலத்துக்குப் போகும்.

தபாலைப் பிரித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வழக்குக் கட்டோடு சேர்த்துத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். அப்போது சீனியர் அறையிலிருந்து, "என்னய்யா, ஒங்க அக்காகிட்டேருந்து ஏதாவது வந்துதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வரல சார்" என்றேன்.

பதினான்கு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் உன் கடிதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. கட்டோடும் சேர்க்க முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் உன் கோணல் எழுத்து என்னைப் பார்த்தது. இன்றைக்குத்தான் புத்தி வந்தது. தலைப்பைப் போட்டு மறுபடி எழுதி அனுப்பு. இனிமேல் மறக்காதே.

தம்பி

*

மே 2

வித்தவுட் பிரெஜுடிஸ்
வித்தவுட் பிரெஜுடிஸ்
வித்தவுட் பிரெஜுடிஸ்

அன்புள்ள குண்டூசிக்கு,

மூன்று தடவை போட்டிருக்கிறேன், போதுமா? முழங்கால் பரவாயில்லை. நீ திருப்பி அனுப்பியதைப் பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்ணாடி வாங்க வந்தவர், "கைய அறுத்துக்கிட்டீங்களா?"ன்னு பதறிப் போயிட்டார்.

தலைப்பு இருப்பதால் இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். நீயே சொன்னாய், இதற்குக் கீழே மனசு விட்டுப் பேசலாம் என்று.

அப்பாவுக்குக் கடைசி ஒன்றரை வருஷம் நினைவு நிலையாக இல்லை. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினார். பிறகு பென்சில் சீவத் தெரியாமல் முழித்தார், நாற்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்த மனுஷர். பிறகு வெளியே போக ஆரம்பித்தார். எங்கே என்று நினைக்கிறாய்? பஸ் நிலையத்துக்கு. நீ நாலு மணி பஸ்ஸில் வருகிறாய் என்று உன்னைக் கூப்பிடப் போவார். ஒருநாள் செருப்பில்லாமல் போனார். ஒருநாள் நடுரோட்டில் நின்றிருக்கிறார், லாரிக்காரர் பிரேக் போட்டு இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே பூட்டை மாற்றினேன். உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. உன்னை வெளியே நிறுத்த இல்லையடா, அவரை உள்ளே நிறுத்த.

உனக்கு ஏன் சொல்லவில்லை? தெளிவாக இருந்த ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்கிட்ட சொல்லாதம்மா. பயந்துடுவான். அவன் வர்றப்ப நான் நல்லா இருப்பேன்" என்றார். ஃபோனில் நீ பேசும்போது பக்கத்தில் நின்று நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் உன்னிடம் பேசினார். அவர் போன பிறகும் வாக்கு வாக்குத்தான் என்று நினைத்தேன். வீடு போனாலும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிய பிறகு முடியவில்லை.

எனக்கு உன் மேல் கோபமும் இருந்தது. ஃபோனிலேயே அவர் குரலை வைத்து நீ கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று.

அக்கா

*

மே 30

வித்தவுட் பிரெஜுடிஸ்

அக்கா,

சுகமா? நான் சரியாகத் தூங்குவதில்லை, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. நீ கேட்டும் நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

போன அக்டோபரில், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, சீனியர் உங்கள் பக்கம் ஒரு கட்சிக்காரரைப் பார்க்க வந்தார். அவர் காரில் நானும் வந்தேன். சொல்லாமல் போய் அப்பாவை ஆச்சரியப்படுத்தலாம் என்று தெருமுனையில் இறங்கிக்கொண்டேன். மணி நாலு, நாலேகால் இருக்கும். என் சாவியைப் போட்டேன், திரும்பவில்லை. குனிந்து பார்த்தால் புதுப் பூட்டு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றிவிட்டார்களே என்று மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. அழைப்பு மணி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடிக்கவில்லை. ரோஷம். ஐந்து நிமிஷம் நின்றேன், திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். ஏழாவது பத்தி முழுக்க அந்த ஐந்து நிமிஷம்தான். நீ என்னைத் தடுக்கவே இல்லை. நான் கூப்பிடவே இல்லை.

டிசம்பரில் அப்பா போய்விட்டார்.

இப்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. உள்ளேயிருந்து திறக்க முடியாத பூட்டு என்கிறாய். அப்பா அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாரா? நான் சாவியைத் திருப்பிய சத்தம் அவருக்குக் கேட்டதா? மணியை அடித்திருந்தால் அவரைப் பார்த்திருப்பேனா? சொல்ல மனசில்லையென்றால் எழுதாதே. புரிந்துகொள்வேன்.

பழைய சாவி இன்னும் என் வளையத்தில்தான் இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 2, விரைவு அஞ்சல்

வித்தவுட் பிரெஜுடிஸ்

என் கண்ணு,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி.

வீட்டில் யாருமே இல்லை. அன்றைக்கு நீ மணியை உடைத்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் என்னை ஒரு நோட்டுப் போட்டு, அப்பா தினமும் என்ன செய்தார் என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார். உன் கடிதம் வந்ததும் அதைத்தான் எடுத்தேன். பூட்டுப் போட்ட பிறகு அவர் கதவைத் தட்டித் தட்டி அழுதார், என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையை மூடிவிட்டு நானே அவரை நாலு மணி பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பஸ் வரும், எல்லோரும் இறங்குவார்கள், "அடுத்ததுல வருவான்" என்பார், ஐந்து மணி வரை உட்கார்ந்திருப்போம், திரும்புவோம்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு பக்கத்தில் நான் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'நாலு மணிக்குப் பஸ் நிலையம். அமைதி. அடுத்த பஸ்ஸுக்கு இருக்க மாட்டேன் என்றார். அவன் வந்து வீட்டுக்குப் போயிருப்பான், வா என்று அவசரப்படுத்தினார். வந்ததும் மாடியில் அவன் அறை விளக்கைப் போட்டார். நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார்.'

அன்றைக்கு இதையும் நினைவு தப்பிய பேச்சு என்று நினைத்துத்தான் எழுதி வைத்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. நீ எங்கள் வாசலில் நின்றபோது, நாங்கள் உன்னைக் கூப்பிடப் பஸ் நிலையத்தில் நின்றோம். நீ காரில் வந்தாய், அதுதான் ஒரே தப்பு.

நீ வந்துவிட்டாய் என்ற திருப்தியோடுதான் தூங்கினார். வந்தும்தானே இருந்தாய்? போதும். இன்றைக்கு நீயும் தூங்கு.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கு, எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் தூங்கினேன். காலையில் உயிர் இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததாக உன் தம்பி மனைவி சொல்கிறாள். உனக்கு வலி எப்படி? மாடிக்கு அடிக்கடி ஏறாதே.

இந்தக் கடிதத்தின் தலையில் ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிடவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகத் தெரிந்தே விட்டிருக்கிறேன். ஆகவே இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், ஜட்ஜிடமும் காட்டலாம். நான் எழுதுவது இதுதான். மனுவின் ஏழாவது பத்தி பொய். என் அக்கா என்னை எந்த நாளும் தடுக்கவில்லை. நான் மணி அடிக்கவில்லை. அப்பாவைக் கடைசி நாள் வரை கையைப் பிடித்து நடத்தியவள் அவள், நான் இல்லை. இந்தப் பத்தியின் ஓரத்தில் முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

வழக்கை வாபஸ் வாங்க நேற்று மனு கொடுத்துவிட்டேன். சீனியரிடம் உன் கடிதத்தை மறைத்ததையும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏழாவது பத்திய எழுதிக் குடுத்தது யாருய்யா?" என்றார்.

"நான்தான் சார்."

"நல்லா எழுதியிருந்தே. இனிமே ஒங்க வீட்டு விஷயத்துக்கு மட்டும் எழுதாதே, போ" என்று சொல்லி வாபஸ் மனுவை அவரே திருத்திக் கொடுத்தார்.

வீடு இருக்கிறபடியே இருக்கட்டும். கடை நடக்கட்டும். மாடி அறை எனக்குப் பாகமாக வேண்டாம், வந்தால் தங்க இடமாக வேண்டும். உன் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாயே, அதற்கும் சம்மதம்.

என்னை மன்னித்துவிடு அக்கா.

குண்டூசி

*

ஜூன் 28

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் சுகம். முழங்கால் என்ற ஒன்று இருப்பதே இந்த ஒரு வாரமாக நினைவில்லை. உன் வீட்டுக்காரியிடம், மூக்கில் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விடச் சொல்.

உன் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாமா என்று யோசித்தேன். மருந்துக் கடைக்காரரும், "மாட்டுங்கம்மா, கோர்ட்டு காயிதம் மாதிரியே இருக்கு" என்றார். பிறகு மனசு கேட்கவில்லை. அப்பாவின் நோட்டில், அக்டோபர் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஜட்ஜ் அங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மன்னிப்பதற்கு என்னடா இருக்கிறது? மணி அடிக்காதது உன் தப்பு, சொல்லாதது என் தப்பு. இரண்டும் தீர்ந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கண்ணாடிப் பலகையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

புதுப் பூட்டைக் கழற்றிவிட்டேன். பழையது பரணில்தான் கிடந்தது, எண்ணெய் விட்டு மாட்டியாயிற்று. உன் சாவியைத் தூக்கிப் போட்டுவிடாதே.

ஜூலை 6 வாய்தாவுக்கு இனி வேலையில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள். யார் காரிலும் வராதே. நாலு மணி பஸ்ஸில் வா, நான் அங்கே நிற்பேன். வீட்டை நீதான் திறக்க வேண்டும், நான் என் சாவியை எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை.

அக்கா